ராஜா ரவிவர்மாவும் நம் முகங்களும்



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவை ஒருவர் எழுதவில்லை. அமைப்பைச் சேர்ந்த சிலர் கூடி உட்கார்ந்து, சண்டை போட்டு, அடித்துத் திருத்தி எழுதினோம். அதனால் இதில் 'நாங்கள்' என்றே பேசுகிறோம். உங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் 'நாம்' என்கிறோம்.

தலைப்பைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்திருப்பீர்கள். தயாரிப்புக் கூட்டத்திலேயே ஓர் இளம் தோழர் நேராகக் கேட்டார்: "நம்ம மேடையில ராஜா வீட்டு ஓவியரப் பத்தி எதுக்குப் பேசணும்? அவரப் பத்திப் பேச ஊர்ல ஆளா இல்ல?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் முயற்சிதான் இந்த உரை.

முதலில், யாருடைய நினைவாகக் கூடியிருக்கிறோமோ அவரைப் பற்றி. நம்மில் பலருக்கு அவர் 'ஆர்ட்டிஸ்ட் அண்ணன்'. மயிலாப்பூரில் கடைப் பெயர்ப் பலகை எழுதியவர். மாநாடு என்றால் தட்டி எழுதியவர். தி.நகரிலிருந்து அடையாறு வரை எத்தனையோ சுவர்களில் அண்ணல் அம்பேத்கரை எனாமல் பெயிண்டில் எழுப்பியவர். ஃப்ளெக்ஸ் வந்தபின் பலகை வேலை போயிற்று. கால்வாய்க் கரையிலிருந்த வீடும் போய், பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டார். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வந்து ஏப்ரல் 14க்கு முந்தைய இரவு சுவருக்கு முன் நிற்பார்.

அவர் மறைந்தபோது அஞ்சலி நோட்டீஸ் அடிக்கப் படம் தேடினோம். கிடைக்கவில்லை. ஓர் அடையாள அட்டையில் முகம் கறுத்து விழுந்திருந்தது. ஊர்வலப் படம் ஒன்றில் ஏணிமேல் முதுகைக் காட்டி நின்றார். முன்னூறு நானூறு முகம் வரைந்தவருக்கு ஒரு முகம் இல்லை. கடைசியில் படம் இல்லாமலே நோட்டீஸ் அடித்தோம். அன்றிலிருந்து உருவப்படம் என்பதைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறோம். யாருக்கு உருவப்படம் இருக்கிறது? யாருக்கு இல்லை? ஏன்?

அண்ணன் எந்த ஓவியப் பள்ளியிலும் படித்தவரில்லை. கபாலீசுவரர் கோயில் குளத்தைச் சுற்றியுள்ள பிரேம் கடைகளில் தொங்கிய சாமி படங்களைப் பார்த்து, வாங்கி வந்த பழைய காலண்டர்மேல் பென்சிலால் கட்டம் போட்டு, அதே கட்டத்தைப் பலகையில் பெரிதாகப் போட்டு, ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக் கற்றுக்கொண்டவர். அந்தக் காலண்டர்களில் பாதி ரவிவர்மாவின் படங்களும் அவற்றைப் பார்த்து மற்றவர் போட்டவையும்தான். சரஸ்வதியின் வீணைக் கையைக் காட்டி ஒருமுறை எங்களில் ஒருவரிடம் சொன்னார்: "கையப் பாரு தம்பி. மூஞ்சி எவன் வேணா போட்டுருவான். கை வர்றதுதான் கஷ்டம். அந்தாளுக்கு வந்திருக்கு." அம்பேத்கரின் புத்தகம் பிடித்த கையை அண்ணன் வரைந்தபோது அந்தப் பாடம் உள்ளே இருந்தது. ஆகவே நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ரவிவர்மா நம் சுவருக்கும் வந்துவிட்டார். அவர் யார், எங்கிருந்து வந்தார், நம்மிடம் எப்படி வந்தார் என்று பார்த்துவிடுவது நல்லது.

1. கற்ற கதை

ரவிவர்மா 1848 ஏப்ரல் 29 அன்று திருவிதாங்கூரில் கிளிமானூர் அரண்மனையில் பிறந்தார். அரச குடும்பத்தோடு மணவுறவு கொண்ட ஜமீன் குடும்பம். முதலில் கற்றுக்கொடுத்தவர் தாய்மாமன் ராஜராஜ வர்மா. 14 வயதில், 1862இல், திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். மன்னர் ஆயில்யம் திருநாள் ஆதரித்தார்.

அங்கே எண்ணெய் வண்ணம் தெரிந்தவர் மதுரையிலிருந்து வந்த அரசவை ஓவியர் ராமசாமி நாயக்கர். அவர் கற்றுத்தர மறுத்தார். தொழில் ரகசியம், போட்டி பயம். நாயக்கரிடம் வேலை பார்த்த ஆறுமுகம் பிள்ளை, தன் ஆசானுக்குத் தெரியாமல் இரவில் வந்து சொல்லிக்கொடுத்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். 1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தார். அவரும் கற்றுத்தரவில்லை, வரைவதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார். பார்த்தே கற்றுக்கொண்டார் ரவிவர்மா.

இந்தக் கதையை 'ஏகலைவன் கதை' என்று சிலர் சொல்வதுண்டு. எங்களுக்கு ஒப்புதல் இல்லை. கட்டைவிரல் கேட்கப்பட்டவனின் கதை வேறு. ரவிவர்மாவுக்கு ஆசான் கதவைச் சாத்தினார். ஆனால் அரண்மனைக் கதவு திறந்தே இருந்தது. வண்ணம் வாங்கப் பணம் இருந்தது. வெள்ளைக்கார ஓவியன் வரைகிற அறைக்குள் நின்று பார்க்க உரிமை இருந்தது. அந்த அறை இருந்த தெருவில் நடக்கவே நம்மவர்களுக்கு அனுமதி இல்லாத காலம் அது.

இதைச் சொல்வதால் அவர் உழைப்பைக் குறைக்கவில்லை. எண்ணெய் வண்ணம் மெதுவாகக் காயும். ஒரு பூச்சின்மேல் இன்னொரு பூச்சை நாள்கணக்கில் ஏற்றிக்கொண்டே போகலாம். வெல்வெட்டின் மினுக்கு, தங்கத்தின் பளபளப்பு, தோலுக்கடியில் ரத்தம் ஓடுவதுபோன்ற நிறம் எல்லாம் அப்படித்தான் வருகின்றன. ஆசான் இல்லாமல் அதை வசப்படுத்துவது சாதாரணமில்லை. ஆனால் அந்த வண்ணத்துக்கு ஒரு நிபந்தனையும் உண்டு. எதிரே ஒருவர் அசையாமல், பல நாள், பல மணி நேரம் உட்கார வேண்டும். அன்றாடம் கூலிக்குப் போகிறவரால் அப்படி உட்கார முடியாது. உருவப்பட ஓவியம் ஓய்வு உள்ளவர்களின் கலையாக இருந்ததற்கு முதல் காரணம் இந்த எளிய கணக்குதான்.

2. சென்னை கொடுத்த பதக்கம்

ரவிவர்மாவை இந்தியா முழுவதும் அறியச் செய்த ஊர் சென்னை. 1873இல் சென்னை ஓவியக் கண்காட்சிக்கு, கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணின் படத்தை அனுப்பினார். கவர்னரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு வியன்னா கண்காட்சியிலும் அதற்குப் பரிசு. 1874இல் சரபத் வாசிக்கும் தமிழ்ப் பெண்ணின் படம். மறுபடி சென்னையில் தங்கப் பதக்கம். அந்தப் படம் பிறகு இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்கு அன்பளிப்பாகப் போயிற்று. 1876இல் துஷ்யந்தனுக்குக் கடிதம் எழுதும் சகுந்தலை. அதை அப்போதைய சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் கோமகனே விலைக்கு வாங்கினார். பின்னர் ரவிவர்மா சென்னைக்கு வந்து, அரசினர் மாளிகைக்காக அந்தக் கோமகனின் முழு உருவப்படத்தை வரைந்தார்.

பிறகு அழைப்புகள் நிற்கவில்லை. பரோடா, மைசூர், உதய்ப்பூர் என்று அரண்மனை அரண்மனையாகப் போனார். தம்பி சி. ராஜராஜ வர்மாவும் நல்ல ஓவியர். அண்ணனோடு கூடவே பயணம் செய்து, சேர்ந்து வரைந்து, நாட்குறிப்பும் எழுதினார். அரசர்கள், திவான்கள், வெள்ளை அதிகாரிகள் ஆகியோர் முகத்தை இவரிடம் ஒப்படைப்பதே ஒரு கௌரவம் ஆனது. இன்றும் எழும்பூர் அருங்காட்சியகத் தொகுப்பில் அவருடைய ஓவியங்கள் இருக்கின்றன.

இங்கே கொஞ்சம் நிற்போம். 1876 என்ற ஆண்டை நாம் வேறு விதமாகத் தெரிந்து வைத்திருக்கிறோம். தாது வருஷப் பஞ்சம். 1876இல் மழை பொய்த்து, 1878 வரை நீண்ட பஞ்சம். இந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டிருப்பார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. சென்னை மாகாணத்தில் முதலில் விழுந்தவர்கள் நிலமற்ற கூலிகள், பண்ணையாட்கள். அதாவது நம் முன்னோர். வைசிராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் 1877இல் வந்து, நிவாரண வேலை செய்கிறவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறையும் போதும் என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். மண் வெட்டிச் சுமக்கும் உடம்புக்கு அது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். கூலி கொஞ்சம் உயர்த்தப்படுவதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்த நிவாரண வேலைகளில் ஒன்று நாம் தினமும் தாண்டிப் போவது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. மயிலாப்பூரை ஒட்டி ஓடுகிறதே, மேலே பறக்கும் ரயில் தூண்கள் நிற்கின்றனவே, அதுதான். பசித்தவர்கள் தோண்டிய கால்வாய்க்குக் கவர்னரின் பெயர் வைத்தார்கள்: பக்கிங்ஹாம் கால்வாய்.

கோமகனுக்கு எண்ணெய் வண்ணத்தில் ஓர் உருவப்படம், நீரில் ஒரு பெயர். தோண்டியவர்களுக்கு?

அவர்களுக்கும் படம் இருக்கிறது என்பதுதான் கொடுமை. சென்னை ராணுவத்தைச் சேர்ந்த வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற அதிகாரி, பஞ்சத்தில் அடிபட்டவர்களைப் புகைப்படம் எடுத்தார். எலும்பு துருத்திய ஆண்களை, பெண்களை, குழந்தைகளைக் குடும்பம் குடும்பமாக உட்கார வைத்து எடுத்த படங்கள். ஸ்டூடியோவில் குடும்பப் படம் எடுப்பதுபோலவே வரிசை, இடைவெளி, கேமராவை நோக்கிய முகம். நம்மைப் போன்றவர்கள் முதன்முதலில் பெரிய அளவில் படத்துக்கு உட்கார வைக்கப்பட்டவற்றில் அவையும் அடங்கும். அவர்களால் அசையாமல் இருக்க முடிந்தது, அசைய வலுவில்லை. எந்தப் படத்திலும் பெயர் இல்லை.

ஒரே மாகாணம், ஒரே காலம். ஒருவர் பெயரோடு நாற்காலியில் உட்கார்ந்தார். மற்றவர்கள் பெயரில்லாமல் தரையில் உட்கார வைக்கப்பட்டார்கள். ரவிவர்மா பஞ்சத்துக்குக் காரணமில்லை. பஞ்சத்தை அவர் வரைய வேண்டும் என்று கட்டளையிடும் உரிமையும் நமக்கில்லை. ஆனால் அந்தக் கால ஓவியத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பதக்கங்களை எண்ணும்போது இந்தக் கால்வாயையும் சேர்த்து எழுத வேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

3. சேலையின் மடிப்பு

ரவிவர்மா என்றால் சேலை. பட்டின் கரை, மாராப்பின் மடிப்பு, தோளில் விழும் முந்தானை. இந்தியப் பெண் என்றால் இப்படித்தான் என்று ஒரு தோற்றத்தை நாடு முழுவதற்கும் கொடுத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

அவர் வளர்ந்த திருவிதாங்கூரில் அதே தோள் துணிக்காக ரத்தம் சிந்தப்பட்டது. நாடார் பெண்கள் மேலாடை அணிந்ததற்காகத் தாக்கப்பட்டார்கள்; வீடுகள் கொளுத்தப்பட்டன. தோள்சீலைப் போராட்டம் பல பத்தாண்டுகள் நடந்தது. சென்னை கவர்னர் டிரெவெலியனின் அழுத்தத்துக்குப் பிறகு 1859 ஜூலையில் மன்னர் ஒரு பிரகடனம் வெளியிட்டார். அதிலும் ஒரு தந்திரம். மேலே மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் அணிவது போல அணியக் கூடாது. அப்போது ரவிவர்மாவுக்கு வயது 11. மூன்றாண்டு கழித்து அவர் போய்ச் சேர்ந்தது அதே மன்னர் குலத்தின் அரண்மனைக்கு.

எனவே அவர் படத்திலுள்ள முந்தானை வெறும் துணி என்று நம்மால் பார்க்க முடியாது. யார் எப்படி உடுத்தலாம் என்பதைச் சட்டமே சொன்ன நாட்டில், மேல்சாதியின் உடுப்பு 'இந்திய உடுப்பு' ஆனது. படிக்கிற மாணவர்கள் இதைத் தனியாக ஆராய வேண்டும். தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றியும் நூல்கள் உள்ளன, ரவிவர்மாவைப் பற்றியும் நூல்கள் உள்ளன. இரண்டையும் ஒரே மேசையில் விரித்துப் படித்தவர்கள் குறைவு.

இன்னொரு ஆண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பாருங்கள். 1893. அமெரிக்காவில் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு ரவிவர்மாவின் 10 ஓவியங்கள் போயின, பரிசுகள் பெற்றன. பல பகுதிப் பெண்கள், பல சமூகத்தவர் அவற்றில் இருந்தார்கள். ஒரு நாடோடிக் குடும்பமும் இருந்தது. அவர்களுக்கும் தலைப்பில் பெயர் இல்லை, இனம்தான் தலைப்பு. அதே 1893இல் திருவிதாங்கூரின் வெங்ஙானூரில் 30 வயது அய்யன்காளி, தடுக்கப்பட்ட பொதுச்சாலையில் வில்லுவண்டி ஓட்டினார். அதே ஆண்டு சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே முகப்பில் அச்சடித்தார். இழிவை வைத்தவர்கள் முன்னே அதை எடுத்து நீட்டினார். ஓவியத்தில் வர முடியாதவர்கள் சாலையிலும் அச்சிலும் தங்கள் உருவத்தைத் தாங்களே வரையத் தொடங்கியது அந்த ஆண்டில்தான் என்று நாங்கள் சொல்லத் துணிகிறோம்.

4. வீட்டுக்கு வந்த சாமி

1894இல் ரவிவர்மா பம்பாயில் கல்லச்சுக் கூடம் தொடங்கினார். இந்தப் படங்களை அச்சிட்டுப் பரப்ப வேண்டும் என்ற யோசனையை முன்பே சொன்னவர் திவான் டி. மாதவ ராவ். கல்லில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்து, எண்ணெய் ஓவியம் போலவே தோன்றச் செய்யும் முறை. ஜெர்மானியத் தொழில்நுட்பர்கள் வந்தார்கள். லட்சுமியும் சரஸ்வதியும் நாடெங்கும் போனார்கள். அச்சகம் பின்னர் லோனாவாலா அருகே மாறியது. கடனும் தொல்லையுமாக, ஃபிரிட்ஸ் ஷ்லெய்ஷர் என்ற ஜெர்மானியருக்கு விற்கப்பட்டது. 1905இல் தம்பி இறந்தார். 1906 அக்டோபர் 2 அன்று ரவிவர்மாவும் மறைந்தார். அச்சு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

'கோயிலுக்குள் விடப்படாதவர்களின் வீட்டுக்கும் ரவிவர்மா கடவுளைக் கொண்டுவந்தார்' என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. மேடைகளில் கைதட்டல் வாங்கும் வாக்கியம். இதை நிதானமாகப் பார்ப்போம்.

படம் வந்தது உண்மை. எங்கள் வீடுகளிலும் இருந்தது. எங்களில் ஒருவரின் பாட்டி வீட்டில், தாமரையில் நிற்கும் லட்சுமியும் கோட்டுப் போட்ட அம்பேத்கரும் ஒரே ஆணி வரிசையில் தொங்கினார்கள். இரண்டுக்கும் ஒரே ஊதுவத்தி. அதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமில்லை. பாட்டி தனக்குத் தெரிந்த விதத்தில் இருவரையும் வைத்துக்கொண்டாள்.

ஆனால் கோயில் கதவைப் படம் திறக்கவில்லை. 1894இல் அச்சு தொடங்கியது. திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பரில். இடையில் வைக்கம் போராட்டம் நடந்தது. சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் 1947இல். நாற்பது, ஐம்பது ஆண்டுகள் சாமி சுவரில் இருந்தது; ஆள் வாசலுக்கு வெளியே இருந்தான். வீட்டிலேயே சாமி கிடைத்துவிட்டதே, பிறகென்ன என்று சொல்வதற்கும் அந்தப் படம் உதவியிருக்கும். கதவைத் திறந்தவர்கள் அடிபட்டவர்கள், சிறை போனவர்கள், சட்டத்துக்காக வாதாடியவர்கள். அந்தப் பெருமையை அச்சுக்கூடத்துக்குக் கொடுத்துவிடக் கூடாது.

5. ஒரே புரவலர், இரண்டு விருந்தினர்

இந்தப் பகுதிக்காகத்தான் நாங்கள் இந்தத் தலைப்பை விடாமல் பிடித்துக்கொண்டோம்.

பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட் முடியேற்ற காலத்தில், 1881இல், ரவிவர்மா அங்கே அழைக்கப்பட்டார். அரச குடும்பத்தின் உருவப்படங்களை வரைந்தார். பின்னர் புராணக் காட்சிகள் 14 வரைய மன்னர் கேட்டார். அவை அரண்மனையை அலங்கரித்தன. ஓவியருக்கு விருந்து, மரியாதை, தங்க இடம், வரைய அறை.

அதே சாயாஜிராவின் உதவித்தொகையில்தான் 1913இல் அம்பேத்கர் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். உதவித்தொகைக் காலம் முடிந்து, ஒப்பந்தப்படி 1917இல் பரோடாவில் பணியாற்ற வந்தார். தங்க இடம் கிடைக்கவில்லை. இந்து விடுதியில் இடமில்லை. பார்சி விடுதியில் பெயரை மாற்றிச் சொல்லித் தங்கினார். கண்டுபிடித்துத் தடிகளோடு வந்தவர்கள் வெளியேறச் சொன்னார்கள். கொலம்பியாவில் படித்த அந்த மனிதர், பொதுப் பூங்காவில் உட்கார்ந்து அழுதார். அலுவலகத்தில் கோப்புகளைத் தூரத்திலிருந்து அவர் மேசைமேல் எறிந்தார்கள்.

மன்னர் இருவருக்கும் நல்லவராகத்தான் இருந்தார். அதில் ஐயமில்லை. ஆனால் மன்னரின் நல்லெண்ணம் ஓவியரை அரண்மனைக்குள் கொண்டுபோய் வைத்தது. அறிஞருக்கு ஊருக்குள் ஓர் அறையைக்கூட வாங்கித்தர முடியவில்லை. புரவலரின் கை எவ்வளவு நீளமானாலும் சாதியின் வேலிக்கு முன் நின்றுவிடுகிறது. நம் மாணவர்கள் உதவித்தொகை வாங்கிப் பெரிய கல்வி நிறுவனங்களுக்குள் போகும்போது இன்றைக்கும் சந்திப்பது இதைத்தான். படிக்க இடம் கிடைக்கிறது, இருக்க இடம் கிடைப்பதில்லை.

ரவிவர்மாவின் அரசர் படங்களை எடுத்துப் பாருங்கள். நாற்காலி, திரைச்சீலை, மேசை, கையில் வாள் அல்லது புத்தகம், மார்பில் பதக்கம், நேரான பார்வை. பிறகு நம் தெருமுனையில் இருக்கும் அம்பேத்கர் படத்தைப் பாருங்கள். நீலக் கோட்டு, கழுத்துப்பட்டை, மூக்குக்கண்ணாடி, பையில் பேனா, கையில் புத்தகம், நேரான பார்வை. ஏறக்குறைய அதே இலக்கணம். படிக்கக் கூடாதவன் என்று சொல்லப்பட்டவர் கையில் புத்தகம். நல்ல துணி உடுத்தக் கூடாதவன் என்று சொல்லப்பட்டவர் உடம்பில் கோட்டு. இந்த இடத்தில் உருவப்படக் கலையே வேறு வேலை செய்யத் தொடங்குகிறது. நாற்காலி அரசர்களுடைய சொத்து என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அண்ணல் அதில் உட்கார்ந்தார்.

ஆர்ட்டிஸ்ட் அண்ணன் காலண்டரில் கற்றுக்கொண்டதை வைத்துச் செய்த வேலையும் இதுதான். சரஸ்வதியின் கையிலிருந்து விரல்களை எடுத்து, அம்பேத்கரின் புத்தகத்தில் வைத்தார்.

6. படத்தை மாட்டும் சுவர்

யார் படம் எந்தச் சுவரில் என்பது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் இந்தத் தேதிகளைக் கவனிக்க வேண்டும். அரசியல் சட்டம் 1950இல் நடைமுறைக்கு வந்தது. அதன் வரைவுக் குழுத் தலைவரின் உருவப்படம் நாடாளுமன்ற மைய மண்டபத்தில் மாட்டப்பட்டது 1990 ஏப்ரல் 12 அன்று. வரைந்தவர் ஜீபா அம்ரோஹவி என்ற பெண் ஓவியர். நாற்பது ஆண்டுகள் அந்தச் சுவரில் அண்ணலுக்கு இடமில்லை. நம் சட்டமன்றத்தில் 1980இல் அவர் படம் திறக்கப்பட்டது.

2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் சுற்றறிக்கை ஒன்று, நீதிமன்ற வளாகங்களில் காந்தி, திருவள்ளுவர் சிலைகளும் படங்களும் மட்டுமே இருக்கலாம் என்றது. வழக்கறிஞர்களும் இயக்கங்களும் எதிர்த்தார்கள். சட்ட அமைச்சர் தலைமை நீதிபதியைச் சந்தித்தபின், எந்தத் தலைவர் படமும் அகற்றப்படாது என்று அரசு தரப்பில் அறிவிக்கப்பட்டது. சட்டம் எழுதியவரின் படம் சட்டத்தின் வீட்டில் இருக்கலாமா என்று நாம் இன்னும் போராடிக் கேட்க வேண்டியிருக்கிறது.

நம் தெருக்களின் சுவர் நிலைமை வேறு. 1979இல் ரவிவர்மாவின் ஓவியங்களை இந்திய அரசு நாட்டின் கலைச் செல்வமாக அறிவித்தது. அவற்றை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. நல்ல காரியம், காக்கப்பட வேண்டியவைதான். ஆனால் அண்ணன் வரைந்த சுவர்களில் இன்று எத்தனை நிற்கின்றன? 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரத்தில் கால்வாய்க் கரையிலிருந்த கோவிந்தசாமி நகர் இடிக்கப்பட்டபோது, எதிர்த்து ஒரு முதியவர் தீக்குளித்து உயிர்விட்டார். அந்தக் கால்வாயை 1877இல் தோண்டியவர்கள் யார் என்று முன்பே சொன்னோம். வீடு இடியும்போது சுவரும் போகிறது. சுவரில் இருந்த தலைவர் படமும், உள்ளே ஆணியில் தொங்கிய கல்யாணப் படமும், தாத்தா படமும் போகின்றன. பொக்லைன் வருவதற்கு முன் மக்கள் எடுப்பது கேஸ் அடுப்பையும், ரேஷன் கார்டையும், பிள்ளைகளின் புத்தகப் பையையும். படத்தைத் தேடி எடுக்க நேரமிருப்பதில்லை.

7. செய்ய வேண்டியது

இளம் தோழரின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். ரவிவர்மாவைப் பற்றி நாம் பேசுவது அவரைக் கொண்டாடவும் இல்லை, ஏசவும் இல்லை. ஒரு முகம் வரலாற்றில் தங்க என்னென்ன தேவைப்பட்டது என்று அவர் வாழ்க்கை தெளிவாகக் காட்டுகிறது. ஓய்வு, நாற்காலி, வண்ணம், மாட்ட ஒரு சுவர், அந்தச் சுவரைக் காக்க ஓர் அரசு. இவற்றில் பெரும்பாலானவை நம்மிடம் இல்லை. ஆனால் இன்று ஒவ்வொருவர் பையிலும் ஒரு கேமரா இருக்கிறது. கையில் நேரமும் கொஞ்சம் இருக்கிறது. அதைக் கொண்டு ஒரு வேலையைத் தொடங்க முடிவு செய்திருக்கிறோம்.

அடுத்த ஓராண்டில் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிக் குடியிருப்புகளிலும், அங்கிருந்து பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகருக்கு மாற்றப்பட்டவர்களின் வீடுகளிலும் இருக்கும் பழைய படங்களைச் சேகரிக்கப் போகிறோம். படத்தை எடுத்துக்கொண்டு வர மாட்டோம். அந்த வீட்டிலேயே ஸ்கேன் செய்து, படத்தை அவர்களிடமே திருப்பிக் கொடுப்போம். மூன்று விதிகள். ஒன்று, படத்திலிருப்பவர் பெயரைக் கேட்டு எழுத வேண்டும். செய்த வேலையையும், எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதையும் சேர்த்து. 'கூலிக்காரப் பெண்', 'குப்பத்து முதியவர்' என்று எழுதினால் நாம் ஹூப்பர் செய்ததையே செய்கிறோம். இரண்டு, வீட்டார் வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டும். நம்மிடம் கேட்காமல் எடுத்த படங்கள் போதும். மூன்று, படமே இல்லாத வீட்டில் இப்போதே ஒரு படம் எடுக்க வேண்டும். அவர்கள் விரும்பிய உடுப்பில், விரும்பிய இடத்தில், விரும்பியபடி உட்கார்ந்தோ நின்றோ. அவசரப்படுத்தக் கூடாது. அரசர்களுக்கு ஓவியர் நாள்கணக்கில் காத்திருந்தார். நம் அம்மாக்களுக்கு நாம் அரை மணி நேரம் காத்திருக்கலாம்.

சுவர்களையும் படம் எடுங்கள். எந்தத் தெரு, எந்த ஆண்டு, வரைந்தவர் யார் என்று எழுதுங்கள். சுவரோவியத்தின் கீழ் மூலையில் சின்னதாகக் கையெழுத்து இருக்கும். அண்ணன் பெரும்பாலும் கையெழுத்துப் போட மாட்டார். கேட்டால், "அவரு பேரு இருக்குல்ல, போதும்" என்பார். அந்த அடக்கத்தை அவர் காலத்தில் மதித்தோம். இனி அப்படி விடப்போவதில்லை.

இந்த உரையின் அச்சுப்பிரதியில் முன்பக்கத்தில் ஒரு படம் இருக்கும். அண்ணனின் முகம் தெரிந்தவர்கள் நான்கு பேர், அவரோடு ஏணி பிடித்த தம்பி ஒருவரிடம் சொல்லச் சொல்ல, அவர் பென்சிலில் வரைந்தது. மூக்கு சரியில்லை என்று ஒருவர் சொன்னார். கண் அப்படியே இருக்கிறது என்று இன்னொருவர் சொன்னார். கையில் பிரஷ் இருக்கிறது. கையை மட்டும் தம்பி மூன்று முறை அழித்துப் போட்டார்.

அதைப் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டு ஆணியில் இருக்கும் படத்தின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பெயர் எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் இன்று இரவே எழுதுங்கள். தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.